கலிஃபோர்னியாவுக்கு ஃபெரெட்டைக் கொண்டு போகலாமா?

கள்ளிச்செடி:
அடுத்த மாதம் அரிசோனாவின் பீனிக்ஸிலிருந்து சான் ஹோசேக்குக் குடிபோகிறோம். என் பெண் வளர்க்கும் ஃபெரெட் (கீரி மாதிரி நீளமான ஒரு சிறு பிராணி) ஒன்று இருக்கிறது, பெயர் சுண்டு. கருத்தடை செய்தாயிற்று, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. அங்கே வளர்க்கவே கூடாது என்கிறார் ஆபீஸில் ஒருவர். ஆனால் அந்த ஊர்க் கடைகளில் ஃபெரெட் தீனி விற்கிறார்களே? பெர்மிட் வாங்கினால் போதுமா?

பேஏரியாபையன்:
என் ரூம்மேட் இரண்டு வளர்த்தான். ஒருத்தரும் கேட்கவில்லை. பேசாமல் கூட்டி வாருங்கள்.

டவுன்பஸ் (சாக்ரமென்டோ):
அக்கா, தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். தீனி விற்கலாம், கூண்டு விற்கலாம், அதைத் தின்கிற பிராணிதான் கூடாது. கேலிக்கூத்துதான், ஆனாலும் சட்டம் அதுதான். மாநில விதித்தொகுப்பு 14, பிரிவு 671-இல் தடைப் பட்டியல் இருக்கிறது. பெர்மிட் எல்லாம் ஆராய்ச்சி மாதிரிக் காரியங்களுக்கு. வீட்டில் வளர்க்கத் தரமாட்டார்கள். ஊசிச் சீட்டைக் காட்டினாலும் அதே கதைதான்.

ஃபெரெட்டுகள் தப்பித்துப் போய்க் காட்டில் பெருகினால் தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காலி செய்துவிடும் என்று மாநில அரசுக்குப் பயம். நியூசிலாந்தில் ஃபெரெட்டுகளால் கிவிப் பறவைகள் பட்ட பாட்டைப் பார்த்தால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. 2004-இல் தடையைத் தளர்த்த ஒரு மசோதா சட்டசபையைத் தாண்டியது. ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் வீட்டோ செய்துவிட்டார்.

மாட்டுகிறவர்கள் குறைவு, உண்மைதான். ஆனால் விருந்தாளிக் குழந்தையை ஒரு கடி கடித்துவிட்டால்? விஷயம் சுகாதாரத் துறைக்குப் போகும். வெறிநோய்ப் பரிசோதனைக்கு மூளைத் திசு வேண்டும், அதாவது சுண்டுவின் உயிரை எடுத்துத்தான் பார்க்க முடியும். ஒளித்து வளர்க்கும்போது உங்கள் பேச்சு எடுபடாது. அரிசோனாவிலேயே யாரிடமாவது விடுங்கள்.

கள்ளிச்செடி:
பெண்ணிடம் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டாள். என் தம்பி ரீனோவில் இருக்கிறான், அவன் வைத்துக்கொள்கிறேன் என்கிறான். நெவாடாவில் தடை இல்லைதானே? போகிற வழியில் கலிஃபோர்னியாவைத் தொட்டுக்கொண்டு போகலாமா?

டவுன்பஸ் (சாக்ரமென்டோ):
நெவாடாவில் வளர்க்கலாம். ஆனால் கலிஃபோர்னியா வழி வேண்டாம். வைத்திருப்பது மட்டுமல்ல, கொண்டு வருவதும் வழியாக எடுத்துப் போவதும் அதே பிரிவில் தடை. யுஎஸ் 93 நெடுஞ்சாலையைப் பிடித்து லாஸ் வேகாஸ், அங்கிருந்து யுஎஸ் 95-இல் வடக்கே ஏறினால் எல்லையைத் தொடாமலே ரீனோ பக்கம் போய்விடலாம். விடியுமுன் கிளம்புங்கள், ஏசியை நிறுத்தாதீர்கள். ஃபெரெட்டுக்கு வெயில் ஆகவே ஆகாது. அப்புறம், ரீனோ சான் ஹோசேயிலிருந்து காரில் நாலு மணி நேரம்தான் என்று பெண்ணிடம் சொல்லுங்கள்.