மூட்டுவலிக் கேள்வித்தாளுக்கு உங்கள் உதவி தேவை

வணக்கம். சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகங்களுக்கு மூட்டுவலியோடு வரும் தமிழ் முதியவர்களிடம் கேட்க ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாரிக்கிறோம். தாதியரும் பிசியோதெரபிஸ்டுகளும் பார்த்துச் சொல்லுங்கள்.

வலிக்கிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறோம். "முட்டி வலி" என்பவரின் விரல் சில நேரம் தொடை இடுக்கில் போய் நிற்கும். அப்போது இடுப்பு மூட்டையும் பார்க்க வேண்டும்.

"காலையில் விறைப்பு இருக்கா?" என்றால் எல்லாருமே ஆமாம் என்பார்கள். "பாட்டி, எழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு சேலைக் கொசுவம் மடிக்க விரல் வளையுது?" என்றால் கணக்குக் கிடைக்கும். அரை மணிக்குள் தளர்ந்தால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணியைத் தாண்டினால் முடக்குவாதம் போன்ற அழற்சியைச் சந்தேகிக்கலாம். ஒரே மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் தாளை மூடிவிட்டு அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

சிக்கல் மருந்துக் கேள்வியில்தான். தெரிந்தவர் தந்த "மூலிகை" மாத்திரையைப் பலர் மருந்தாகவே சொல்வதில்லை. அப்படிப்பட்ட சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. நாள்பட எடுத்துவிட்டுச் சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். திட்டுவார்களோ என்ற பயமின்றி அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லவைக்க நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? பேசும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்.