பனிக் கல்லி ஏறப் போகும் சேலத்துக்காரர்கள்: அனுபவப் பகிர்வு
(கல்லி என்றால் பாறைச் சுவர்களுக்கு நடுவே மேலேறும் பனி ஓடை. பேசுகிறவர்கள் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

அஸ்தம்பட்டி
உத்தரகாசிக்கோ மணாலிக்கோ மலையேற்ற பேசிக் கோர்ஸ் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான்: 40 டிகிரி வெயில் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு பனிக்கு எப்படித் தயாராவது? காலையும் கையையும் இங்கேயே தயார் செய்துவிடலாம். மற்றதெல்லாம் அங்கே போய்த்தான்.

கால் என்றால் முக்கியமாகக் கெண்டைக்கால். கிராம்பானின் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் பல் வைத்த சட்டம்) முன்பற்களைக் குத்தி நிற்கும்போது முழு எடையும் அங்கேதான் இறங்கும். அசதியில் குதிகால் மேலே எழும்பினால் பற்கள் பனியிலிருந்து நெம்பி வெளியே வந்துவிடும். வீட்டுப் படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைச் சற்றுக் கீழே விட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். கால் நடுங்க ஆரம்பித்தால் இறங்கி ஓய்வெடுத்து மறுபடி.

ஏற்றத்துக்கு அடிவாரத்திலிருந்து ஏற்காடு. முதுகுப்பையில் 8 கிலோவில் தொடங்கி மெல்ல 14 வரை போகலாம். எடைக்குத் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். மேலே போனதும் கொட்டிவிட்டால் இறங்கும்போது முட்டி தப்பிக்கும். ரோட்டை விட்டுக் காட்டுப்பாதையில் போவதானால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு. ஒன்று மட்டும்: சேர்வராயன் கோயில் உச்சியே சுமார் 1,600 மீட்டர்தான். நுரையீரலுக்கு நல்ல வேலை, ஆனால் 4,000 மீட்டருக்கு உடம்பைப் பழக்கியதாக ஆகாது.

கன்னங்குறிச்சி
கைக்கு ஒரு பயிற்சி. பக்கெட்டில் ஐஸ் போட்டு, கையை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கையுறை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் உட்காருங்கள். எட்டு முடிச்சு, க்ளோவ் ஹிட்ச், ப்ரூஸிக் என்ற மூன்று கயிற்று முடிச்சுகளையும் போட வேண்டும். பிறகு கிராம்பானை பூட்ஸில் மாட்டிக் கழற்ற வேண்டும். அங்கே விடியற்காலை மூன்று மணிக்கு இதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

பக்கிள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். மிச்சம் தொங்கும் பட்டையைச் செருகிவிடுங்கள். இல்லையென்றால் மறு காலின் பல் அதை மிதிக்கும், ஆள் குப்புற விழுவார். தொளதொளப்பான பேன்ட்டும் அப்படித்தான், அதற்குத்தான் பேன்ட்டின் கீழ்ப்பகுதியை இறுக்கி மூடும் கெய்ட்டர். வளைகிற ட்ரெக்கிங் ஷூவில் கிளிப் மாட்டும் வகைக் கிராம்பான் நிற்கவே நிற்காது. முழுக்கப் பட்டை கட்டும் வகைதான் ஓரளவு பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு முன்பற்களில் நிற்க நினைக்காதீர்கள். விறைப்பான பூட்ஸ் என்றால், பட்டை கட்டாமலே தூக்கி உதறிப் பாருங்கள். கிராம்பான் கழன்று விழுந்தால் அளவு சரியில்லை.

குப்பனூர்
அண்ணா, விழுந்து சறுக்கினால் ஐஸ் ஆக்ஸால் (பனிக்கோடரி) நிறுத்தும் பயிற்சியை ஏற்காட்டுப் புல்சரிவில் மழைக்காலத்தில் பழகலாமா?

அஸ்தம்பட்டி
வேண்டாம் தம்பி. புல்லுக்கு அடியில் பாறை. ஆக்ஸின் கூரான அலகு பாறையில் பட்டால் தெறித்து முகத்துக்கே வரும். 60 சென்டிமீட்டர் கட்டை ஒன்றை எடுத்து, பாயில் படுத்து நிலையை மட்டும் மனப்பாடம் ஆக்குங்கள். ஒரு கை தலைப்பகுதியில், வெட்டுப்பக்கம் (அலகுக்கு எதிர்ப்புறத் தட்டை முனை) தோள்பட்டைக் குழிக்கு அருகில், தண்டு மார்புக்குக் குறுக்கே, மறு கை கீழ்முனையை மூடிப் பிடித்தபடி. அந்தக் கை நழுவினால் முனை தொடையில் ஏறும். மார்பின் எடை முழுக்கத் தலைப்பகுதியின் மேல் இருக்க வேண்டும். கிராம்பான் போட்டிருந்தால் முட்டியை மடித்துப் பாதத்தைத் தூக்கிவிடுங்கள். பல் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், அல்லது உடம்பு தலைகீழாகப் புரளும்.

இறுகிய பனியில், 40 டிகிரிக்கு மேல் சாய்வில், முதல் ஓரிரு நொடியில் நிற்கவில்லை என்றால் பிறகு நிற்பது கஷ்டம். ஆக்ஸ் கையில் இருக்கிறது என்ற தைரியம்தான் பலரை ஏறக்கூடாத இடத்தில் ஏற்றிவிடுகிறது என்பேன்.

நாகலூர்
அதையே நானும் சொல்ல வந்தேன். கல்லியில் ஆளைக் காப்பாற்றுவது நேரமும் கால்வைப்பும்தான்.

இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே இருப்பதால் மேலே உருள்வதெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். இரவில் உறைந்த பனி கற்களைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டதும் விட்டுவிடும். கிழக்குப் பார்த்த கல்லியில் இது சீக்கிரமே நடக்கும். உங்கள் தலைமேல் வெயில் விழுவதற்கு முன்பே உச்சிப் பாறையில் விழுந்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்பி வெயிலுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். ஹெல்மெட் கல்லி வாயிலேயே தலையில் இருக்கணும். நடு ஓடையில் பள்ளம் விழுந்து கல் சிதறிக் கிடந்தால், கல் வருகிற வழி அது. ஓரமாக ஏறுங்கள், ஆனால் பாறையும் பனியும் சேரும் இடத்தில் உருகிய இடுக்கு இருக்கும், ஆக்ஸ் முனையால் குத்திப் பார்த்துக்கொண்டே.

பூட்ஸ் எவ்வளவு புதைகிறது என்று பாருங்கள். முனை மட்டும் இறங்கினால் சரி. கணுக்காலுக்கு மேல் புதைய ஆரம்பித்தால் திரும்புங்கள், உச்சி பக்கத்தில் தெரிந்தாலும். ஈரப்பனி கிராம்பானுக்கு அடியில் கட்டியாக ஒட்டிப் பற்களை மறைத்துவிடும். ஆக்ஸ் தண்டால் தட்டிவிட வேண்டும்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன, அதாவது நாம் ஏற ஆசைப்படும் அதே சாய்வில். புதுப்பனி கொட்டி ஒன்றிரண்டு நாளுக்குக் கல்லிக்குள் போகாதீர்கள். காலடியில் ‘வும்’ என்று அமுங்கும் சத்தம், காலிலிருந்து ஓடும் விரிசல் இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். புதைந்தவரை முதல் 10–15 நிமிடத்தில் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வழி. பயிற்றுநர் கூட இருக்கிறார் என்பதும் போதாது: 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டாண்டா 2 சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது பயிற்சிக் குழுதான், பயிற்றுநர்களும் இறந்தார்கள்.

கயிறு பற்றி. செங்குத்தான பனியில் நங்கூரம் (கயிற்றைப் பனியில் பிடித்து நிறுத்தும் பிடிமானம்) இல்லாமல் மூன்று பேரை ஒரே கயிற்றில் கட்டி ஏற்றுவது பாதுகாப்பு இல்லை. ஒருவர் வழுக்கினால் மூன்று பேரும் போவார்கள். ஒன்று, நங்கூரம் போட்டு ஒவ்வொருவராக ஏறுங்கள், இல்லை, அவிழ்த்துவிடுங்கள். மென்பனியில் ஸ்னோ பிக்கெட்டை (நங்கூரத்துக்கான உலோக முளை) நேராக அடித்தால் உருவிக்கொண்டு வரும். குறுக்காகக் கிடத்திப் புதைத்து, இழுக்கும் பட்டைக்கு தனியாக ஒரு வெட்டு வெட்டுங்கள். பட்டை கீழ்நோக்கிப் போக இடமில்லாமல் மேலே இழுத்தால் நங்கூரமே கிளம்பிவிடும்.

குப்பனூர்
இறங்கும்போது சறுக்கிக்கொண்டே வந்துவிடலாம் என்கிறார்களே?

நாகலூர்
கிராம்பானோடு ஒருபோதும் சறுக்காதீர்கள். கழற்றினாலும், அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்து, கீழே பாறையோ பிளவோ இல்லாமல் தட்டையாக முடிந்தால் மட்டும். மற்றபடி செங்குத்தான இடத்தில் சுவரைப் பார்த்து, ஏறின படியிலேயே இறங்குங்கள்.

கன்னங்குறிச்சி
விமானத்தில் போகிறவர்கள் ஐஸ் ஆக்ஸையும் கிராம்பானையும் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பையில்தான். முனைகளுக்குப் பழைய ரப்பர் குழாயை வெட்டி மாட்டிக்கொண்டால் பை கிழியாது.