உருளைக்கிழங்குச் செடி கருகுகிறது: மருந்தா, அரிவாளா?

புதுமண்:
இரண்டு பாத்தியில் உருளைக்கிழங்கு போட்டு 75 நாள் ஆகிறது, பூவும் வந்துவிட்டது. நாலைந்து நாளாக விடாத தூறல். நேற்று கீழ் இலைகளின் ஓரத்தில் தண்ணீரில் ஊறியது போலக் கரும்பச்சைத் திட்டுகள் தெரிந்தன, இன்று பார்த்தால் அவை பழுப்பாகிக் கருகிவிட்டன, பத்துச் செடிக்கு மேல் பரவியும் விட்டது. சில தண்டுகளிலும் கறுப்புக் கறை. மருந்து அடித்தால் பிழைக்குமா, பிடுங்கிவிட வேண்டுமா? பக்கத்தில் தக்காளி வேறு இருக்கிறது. முதல் தடவை போட்டது, மனசே ஆறவில்லை.

வேலியோரம்:
எந்தக் கருகல் என்று முதலில் பார்த்துவிடுங்கள், இரண்டு வகை உண்டு. முன்பருவக் கருகல் என்றால் காய்ந்த பழுப்புப் புள்ளி, அதற்குள் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள், பரவுவதும் மெதுவாகத்தான். பின்பருவக் கருகல் அப்படி இல்லை. விடியற்காலையில் பனி காயும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள், கறையின் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பூப்பு இருந்தால் அதுதான். நீங்கள் சொல்லும் வேகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான். பைட்டோப்தோரா என்ற கிருமி, பூஞ்சை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது உண்மையான பூஞ்சை இல்லை, நீர்ப்பூஞ்சை என்ற வேறு வகை, பாசி இனத்துக்கு நெருங்கிய உறவு. தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் 6 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது கிளம்பிவிடும். 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைத் தொடங்கி வைத்ததும் இதே கிருமிதான், அதனால் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிழங்குப்பிரியன்:
கருகல் வராத செடிக்கும் தக்காளிக்கும் போர்டோ கலவை அடிக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம். தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. ஒரு இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்துப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள், அடிக்கும்போது கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மண்வெட்டி:
கலவை நல்லதுதான், ஆனால் அது வருமுன் காக்கும் மருந்து, இலைக்குள் புகுந்துவிட்ட நோயைத் திருப்பாது. தண்டு வரை கறுத்த செடிக்கு அடிப்பது வீண். நானும் ஒருமுறை இலையைக் காப்பாற்றுகிறேன் என்று பத்து நாள் மருந்தோடு அலைந்தேன், அதற்குள் மழை இலையிலிருந்த நோய் வித்துகளைக் கழுவி மண்ணுக்குள் இறக்கிவிட்டது, தோண்டினால் பாதிக் கிழங்கு தோலுக்கடியில் செம்பழுப்பாக அழுகிக் கிடந்தது. இப்போது நீங்கள் காப்பாற்ற வேண்டியது கிழங்கை, இலையை இல்லை.

மழை விட்டதும் செடியைத் தரையோடு அறுத்து, அறுத்ததை ஒரு இலை விடாமல் பொறுக்கி, எரிக்க வழியிருந்தால் எரியுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதையுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் கிழங்கு மேலே வந்துவிடும். பாத்தியில் வெடிப்பு இருந்தால் மண் அணைத்து மூடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று வாரம் தொடவே கூடாது. அதற்குள் கிழங்கின் தோல் முற்றிவிடும், மண்ணின் மேல் விழுந்த வித்துகளும் பெரும்பாலும் செத்துவிடும். பிறகு ஈரமில்லாத நாளாகப் பார்த்துத் தோண்டுங்கள்.

புதுமண்:
சரி, காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தேன், வெள்ளைப் பூப்பு தெளிவாகவே இருந்தது. இரண்டு பாத்தியையும் அறுத்துவிட்டேன், கை நடுங்கியது உண்மை. கிடைக்கிற கிழங்கைச் சாப்பிடலாமா? அதையே அடுத்த தடவை விதைக்கு வைக்கலாமா?

பழைய மண்வெட்டி:
நல்ல கிழங்கைத் தாராளமாகச் சாப்பிடலாம். விதைக்கு மட்டும் வேண்டாம், வெளியே தெரியாமல் உள்ளே நோய் இருக்கும், நோயற்ற விதைக்கிழங்கு புதிதாக வாங்குங்கள், எதிர்ப்புள்ள ரகமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. தோண்டும்போது சின்னக் கிழங்கைக்கூட மண்ணில் விட்டுவிடாதீர்கள், அடுத்த பருவத்தில் அது தானாக முளைத்தால் நோயும் அதோடு முளைக்கும். சேமித்த கிழங்கை வாரம் ஒருமுறை கொட்டிப் பாருங்கள், ஒன்று அழுகினால் சாக்கே நாறிவிடும்.

வேலியோரம்:
தக்காளியை மறக்க வேண்டாம். அதற்கும் இதே நோய்தான். கீழ் இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள், தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள், தண்டில் கறை கண்டால் அந்தச் செடியை அன்றே எடுத்துவிடுங்கள்.