அறிவிப்பாளர் பேசி மறைத்த முதல் வினாடிகள்

ஆயர் ஈத்தாம் வானொலி நேயர்

வானொலியிலிருந்து கேசட்டில் பாட்டுப் பதிந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். எண்பதுகளில் எங்கள் வீட்டில் ஆங்கிலப் பாட்டு என்றால் வானொலி மட்டும்தான். இரவு நேயர் விருப்பம் தொடங்கும் முன்பே வெற்றுக் கேசட்டைப் போட்டு, பதிவுப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பேன். பாட்டு வரும். அதன் தொடக்கம் மட்டும் வராது. அறிவிப்பாளர் அதன்மேல் பேசிக்கொண்டிருப்பார்: யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, மணி எத்தனை, அடுத்து என்ன நிகழ்ச்சி. பாடகர் வாயைத் திறக்கும் கணத்தில் துல்லியமாகப் பேச்சை முடிப்பார். அது எளிய வேலை இல்லை; அந்தத் திறமையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் நான் சேர்த்துவைத்த கேசட்டுகளில் பாதிப் பாட்டுகளுக்குத் தலை இல்லை.

மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டிரம் மட்டும், பிறகு பேஸ் கிட்டார், அதன்மேல் சின்தசைசரின் வெட்டு வெட்டான அடிகள். குரல் வர 29 வினாடி ஆகிறது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் அது மிக நீளம் என்று சொல்லிக் குறைக்கப் பார்த்தார். அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் மறுத்துவிட்டார். அப்படிப் போராடிக் காத்த 29 வினாடியும் என் கேசட்டில் வாழ்த்துச் செய்தியாகவே இருந்தது.

ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ தொடக்கத்தை முழுதாகக் கேட்டது பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒரு சீனப் பெரியவர் தம் கடையில் இசைத்தட்டைச் சுழலவிட்டிருந்தார். பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்று சுரங்களைத் தனித்தனியே பிரித்து மீட்டிக்கொண்டே போகிறது. இரண்டாம் சுற்றில் இன்னொரு கிட்டார் மெல்ல வந்து சேர்கிறது. ஏறக்குறைய ஐம்பது வினாடிக்குப் பிறகு டிரம்மில் இரண்டு அடி. அதன் பின்தான் குரல். டான் ஃபெல்டர் அமைத்த மெட்டு அது. டான் ஹென்லியின் குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்ற வேண்டியிருந்ததால், கிட்டாரின் ஏழாம் கட்டத்தில் கேப்போ என்னும் இடுக்கியைத் தந்திகளின்மேல் பூட்டி வாசித்தார்கள். அந்தக் கூர்மையான ஒலி அங்கிருந்து வருகிறது. 1976-இல் வெளிவந்த பாட்டு. பல்லாண்டுகளாக எனக்கு மனப்பாடம். ஆனாலும் அன்று கையில் வைத்திருந்த பழைய கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு, முடியும் வரை அங்கேயே நின்றேன்.

உங்களுக்குப் பிடித்த தொடக்கம் எது? வெறும் பட்டியல் வேண்டாம். எங்கே, யாரோடு, எதன் வழியாகக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா

தம்பி, எனக்குத் தொழிற்சாலை பஸ்தான் வானொலி. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-இல் தொடங்கியது அல்லவா? சில ஆண்டுகள் கழித்து நானும் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அப்போது ஜெலுத்தோங்கில் வாடகை அறையில் நாங்கள் நான்கு பெண்கள். விடியும் முன் பஸ் வந்துவிடும். ஓட்டுநர் மலாய்க்காரர், எல்லாரும் பாக் சிக், அதாவது மாமா, என்போம். அவரிடம் இரண்டே கேசட்டுகள்: ஒன்று அபா, மற்றொன்று போனி எம்.

அபாவின் ‘டான்சிங் குயின்’ எப்படித் தொடங்கும் என்று நினைத்துப் பாருங்கள். பியானோ கட்டைகளில் விரல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வழுக்கிச் செல்லும் ஓசை, அவ்வளவுதான். அடுத்த கணம் எல்லாக் குரலும் சேர்ந்து பல்லவியின் நடுவில் இருக்கின்றன. சரணம் அதற்குப் பிறகே வருகிறது. வழக்கமாக மெதுவாக ஏறிப் போய்ச் சேரும் உச்சியில் நம்மை முதலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். இரவுப் பணி முடிந்து தூங்கி விழுந்துகொண்டிருந்த பெண்கள் கூட அந்தப் பியானோ ஓசைக்கு நிமிர்ந்து உட்காருவார்கள். மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நாங்கள், எல்லாருக்கும் அந்த வரிகள் தெரியும். அர்த்தம் தெரிந்தவர்கள் சிலரே.

போனி எம்மின் ‘டாடி கூல்’ வேறு மாதிரி. சின்னதாக ஒரு தட்டல், டக்கு டக்கு டக்கு என்று. பஸ்ஸில் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் விரல் நகத்தால் அதே தாளத்தைத் தட்டுவோம். அந்த ஓசை எந்த வாத்தியம் என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடக்கும். அந்தக் குழுவை உருவாக்கிய ஃபிராங்க் ஃபாரியன் ஒரு பென்சிலைத் தம் பற்களில் தட்டி எழுப்பிய ஓசை அது என்பதைப் பின்னாளில் படித்தேன். உடனே எழுந்து ஒரு பென்சிலை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அதே ஓசை! அன்று என்னோடு இருந்த மூவரில் இருவர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இதை அவர்களிடம் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

செந்தூல்காரர்

நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். என் சித்தப்பா செந்தூல் இரயில்வே பணிமனையில் வேலை செய்தவர். அறுபதுகளில் வேலை முடிந்ததும் நண்பர்களோடு கிட்டார் குழு நடத்தினார். ஷேடோஸ் குழுவின் ‘அப்பாச்சி’ 1960-இல் வந்தது. 1961-இல் அவர்கள் பாடகர் கிளிஃப் ரிச்சர்டோடு சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு, இந்த நாட்டில் மின்கிட்டார் குழு இல்லாத வட்டாரமே இல்லை என்பார் சித்தப்பா.

‘அப்பாச்சி’யில் ஹேங்க் மார்வினின் கிட்டாருக்கு முன்னால் ஒரு முரசு முழங்கும். ஒலிப்பதிவில் அதை வாசித்தவர் கிளிஃப் ரிச்சர்ட், அதுவும் ஒரு சீன முரசில். சித்தப்பாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்க இப்போது அவர் இல்லை. ஆனால் அவருடைய குழு மேடையேறும்போதெல்லாம் பக்கத்துத் தெருச் சிங்க நடனக் குழுவிடம்தான் முரசு இரவல் வாங்கியது! அண்டைவீட்டு நட்பால் கிடைத்த முரசு, இலண்டன் ஒலிப்பதிவோடு அப்படியே பொருந்திப்போயிருக்கிறது. எனக்கு இதில் சொல்ல முடியாத மகிழ்ச்சி.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், அனிமல்ஸ் பாடிய ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’. 1964 மே மாதம் ஒரே வாசிப்பில் பதிவான பாட்டு. ஹில்டன் வாலன்டைனின் கிட்டார் ஏ மைனரில் தொடங்கிச் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு போகும். விரல் நுனி புண்ணானாலும் விடக்கூடாது என்பார். இன்றும் கிட்டாரை எடுத்தால் என் விரல்கள் முதலில் அங்கேதான் போகின்றன.

பிரிக்ஃபீல்ட்ஸ் மிருதங்கம்

எனக்கு ராக் இசை காது வழியாக வரவில்லை, கைவழியாக வந்தது. சிறு வயதில் மிருதங்க வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில் ஓர் இசைக்கருவிக் கடை. அங்கே ஒருநாள் சில்லறைக் காசு கொட்டும் ஓசை, தாள் கிழியும் ஓசை, கல்லாப்பெட்டி திறக்கும் மணியோசை, எல்லாம் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. பிங்க் ஃபுளாய்டின் ‘மனி’. 1973-இல் வந்த பாட்டு.

கடை வாசலில் நின்றபடி என் விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கின. நாலாக எண்ணினால் உதைக்கிறது. எட்டாக எண்ணினாலும் தங்கவில்லை. தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு! மிஸ்ர சாபு! அன்று வகுப்பில் ஆசிரியர் என்னிடம் படாத பாடு பட்டுச் சொல்லிக்கொடுத்த அதே தாளம். பேஸ் கிட்டார் உள்ளே வந்ததும் அதுவும் அதே ஏழில் நடந்தது. வெள்ளைக்காரப் பாட்டில் மூன்றும் நாலும் சேர்ந்த நடை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அங்கேயே குதித்துவிட்டேன்.

அது உருவான விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினி இல்லாத காலம். அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸின் மனைவி மண்பாண்டம் வனைபவர். அவருடைய பெரிய கலவைக் கிண்ணத்தில் காசுகளை வீசி ஓசையைப் பதிவு செய்தார்கள். பதிவான நாடாவை அடிக்குச்சியால் அளந்து, ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டார்கள். அதாவது, தாளத்தின் அட்சரம் ஒவ்வொன்றும் நாடாவில் இத்தனை அங்குலம் என்று கணக்கு. லயத்தைக் கையில் தொட்டு அளந்திருக்கிறார்கள். பாட்டின் நடுவில் கிட்டார் தனியாவர்த்தனம் வரும்போது ஏழிலிருந்து நாலுக்கு மாறுகிறது; அந்த மாற்றத்தையும் கவனித்துக் கேளுங்கள், அடக்கிவைத்திருந்த வேகம் அவிழ்ந்து ஓடும்.

என் ஆசிரியரிடம் மறுவாரம் அந்தக் கேசட்டைக் கொண்டுபோனேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக் கேட்டு, தொடையில் தாளம் போட்டு, “சுத்தமாக இருக்கிறது” என்றார். அவரிடமிருந்து அந்தச் சொல்லை வாங்க நாங்கள் மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

பெட்டாலிங் ஜெயா வாசகி

மிருதங்க அண்ணன் பிங்க் ஃபுளாய்டைத் தொட்டதால் எழுதுகிறேன். என் தொடக்கம் ‘விஷ் யூ வேர் ஹியர்’, 1975. வானொலி முள்ளைத் திருப்புகிற கரகரப்போடு தொடங்கும். யாரோ பேசுவார்கள், மறைவார்கள். சாய்கோவ்ஸ்கியின் நாலாம் சிம்பனி ஒரு கணம் வந்து போகும். இதெல்லாம் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் தம் கார் வானொலியில் பிடித்த ஓசைகள். பிறகு மெலிந்த, தகரக் குரலில் ஒரு கிட்டார், தொலைவில் எங்கோ ஒலிபரப்பாவதுபோல. அதன்மேல் இன்னொரு கிட்டார், மிக அருகில், தெளிவாக. வானொலியில் வரும் பாட்டோடு சேர்ந்து ஒருவர் தம் அறையில் தனியாக வாசிப்பதாக அமைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு வானொலியில் அது வந்த இரவு, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துபோய் முள்ளைச் சரிசெய்யத் தொடங்கினார். அவருக்கு ரெடிஃப்யூஷன் கம்பி வானொலிக் காலத்திலிருந்தே ஒலி தெளிவாக இருக்க வேண்டும். இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார், கரகரப்பு போகவில்லை. “அப்பா, விடுங்கள், பாட்டே அப்படித்தான்” என்று அண்ணன் கத்த, அப்பா முள்ளைப் பிடித்தபடியே நின்றார். இரண்டாவது கிட்டார் வந்தது. அப்பா கையை எடுத்தார். நாற்காலிக்குத் திரும்பவில்லை. பாட்டு முடியும் வரை வானொலிப் பக்கத்திலேயே நின்று கேட்டார். ஆங்கிலப் பாட்டை அவர் முழுதாகக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

ஜெலுத்தோங்

எல்லாரும் கடல் தாண்டிப் போய்விட்டீர்கள். நம் பினாங்குத் தீவைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழுவை விட்டுவிட்டு இந்தப் பேச்சு எப்படி நிறையும்? தமிழ்ப் பிள்ளைகள் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுவதையும் பிடித்தார்கள். 2007-இல் லோகா மறைந்தபோது எங்கள் கோப்பிக் கடையில் மூன்று இனத்தவரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். என் அக்காள் திருமணத்தில் வாத்தியக் குழு அவர்கள் பாட்டு ஒன்றைத் தொடங்கியதும், பாடகர் வாய் திறக்கும் முன்பே மேசைகள் காலியாகிவிட்டன. எல்லாரும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள்.

கிட்டார் தொடக்கம் என்றால், 1980-இல் வந்த இளையராஜாவின் ‘என் இனிய பொன் நிலாவே’, 1982-இல் வந்த ‘இளைய நிலா பொழிகிறதே’, இரண்டையும் எந்த ஆங்கிலப் பாட்டின் பக்கத்திலும் தைரியமாக வைப்பேன். வேறு விளக்கம் தேவையில்லை. போட்டுக் கேளுங்கள்.

கெப்போங் கிட்டார்

ஆயர் ஈத்தாம் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த அறிவிப்பாளராலும் பேசி மறைக்க முடியாத தொடக்கம் ஒன்று உண்டு. பீட்டில்ஸின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’. பல சுரங்கள் சேர்ந்த ஒற்றை அடி. அது மெல்ல ஓய்வதற்குள் ஜான் லெனன் பாட ஆரம்பித்துவிடுகிறார். பேச இடமே இல்லை.

1964 ஏப்ரல் 16-ஆம் தேதி பதிவு செய்த அந்த ஓர் அடிக்குள் என்னென்ன சுரங்கள் இருக்கின்றன என்று கிட்டார்காரர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். தாம் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரில் வாசித்தது எஃப், அதன் உச்சியில் ஜி என்று ஜார்ஜ் ஹாரிசன் 2001-இல் சொன்னார். ஆனால் அதை மட்டும் வாசித்தால் அந்த ஓசை வராது. ஜேசன் பிரவுன் என்ற கனடாக் கணிதப் பேராசிரியர் ஒலி அலையைக் கணக்கிட்டுப் பிரித்துப் பார்த்து, உள்ளே பியானோவும் கலந்திருக்கிறது என்று காட்டினார். வாசித்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்.

சென்ற தீபாவளி விடுமுறையில் நானும் என் மாமன் மகன்களும் இதைச் செய்து பார்த்தோம். என்னிடம் பன்னிரண்டு தந்திக் கிட்டார், மூத்தவனிடம் சாதாரணக் கிட்டார், இளையவன் பேஸில் டி சுரம். மூவரும் ஒன்றாக அடித்தோம். கிட்டத்தட்ட வந்தது, ஆனால் அடியில் ஏதோ வெறுமை. மாமா மகள் தன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான்கு பேரும் மூச்சைப் பிடித்து, அத்தையை எண்ணச் சொல்லி, ஒரே கணத்தில் அடித்தோம். வந்துவிட்டது! அதே ஓசை, எங்கள் வரவேற்பறையில்! அதற்குப் பிறகு பாட்டுக்குள் யாரும் போகவே இல்லை. அத்தை எண்ண எண்ண, அந்த ஒற்றை அடியையே இரவு உணவு வரை அடித்துக்கொண்டிருந்தோம்.