சைக்கிள் பயிற்சியோடு பனிச்சறுக்குக்கும் தயாராவது எப்படி?

கேள்வி: மார்ச்சில் பிரான்ஸின் வால் தொரான்ஸ் மலையில் பனிச்சறுக்கு, ஜூனில் லண்டன்–பிரைட்டன் நிதி திரட்டும் சைக்கிள் பயணம், 54 மைல். வாரம் மூன்று நாள் ஓட்டுகிறேன். பனிச்சறுக்குக்கு இது போதுமா? இன்னும் 8 வாரம் இருக்கிறது.

பதில் 1: மூச்சுக்குப் போதும், தொடைக்குப் போதாது. மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. சறுக்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். இரண்டாம் நாளே படியிறங்க முடியாமல் தொடை வலிப்பது இதனால்தான். வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) போடுங்கள்: 4 நொடி எடுத்து மெதுவாக இறங்கி, சாதாரணமாக எழுங்கள். 8 முறை, 3 சுற்று. பிறகு 20 செ.மீ. படியிலிருந்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்குதல், காலுக்கு 8. முழங்கால் உள்ளே சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

பதில் 2: சைக்கிளில் பக்கவாட்டு அசைவே கிடையாது. நான்காம் வாரத்திலிருந்து பக்கவாட்டில் தாவி, ஒற்றைக் காலில் 2 நொடி நில்லுங்கள். சத்தமில்லாமல் இறங்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கேட்டவர்: எந்த நாளில் செய்வது, அண்ணா?

பதில் 1: கடினமாக ஓட்டும் நாளிலேயே, ஓட்டி முடித்த பிறகு. நீண்ட தூரத்துக்கு முந்தைய நாள் கூடவே கூடாது. பனிச்சறுக்குக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ஸ்குவாட்டில் எடை தூக்கினால் அதைப் பாதியாக்குங்கள். திரும்பியதும் சில நாள் லேசாக மட்டும் ஓட்டுங்கள். ஸ்குவாட்டை விட்டுவிடாதீர்கள், பிரைட்டனுக்குச் சற்று முன் வரும் டிச்லிங் பீக்கன் ஏற்றத்துக்கும் அது உதவும்.