1907 மாடல் பயனெட்டின் தோல் உறை: தைத்துப் பழகியவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளுக்கான 1907 மாடல் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) ஒன்று ரொம்ப நாள் தேடி இப்போதுதான் கைக்கு வந்தது. 17 அங்குல அலகு, அதன் அடியில் கிரீடம், 1907, கீழே 5 17 என்று முத்திரை. 1907 மாடல் ஆண்டு, செய்தது 1917 மே என்று எடுத்துக்கொண்டேன், சரிதானே? மறுபக்கம் பிரிட்டிஷ் அரசின் உடைமை என்று காட்டும் அகன்ற அம்புக்குறியும், வளைத்துச் சோதித்ததற்கான எக்ஸ் குறியும் பளிச்சென்று இருக்கின்றன.

என் கவலையெல்லாம் தோல் உறைதான். பின்பக்கத் தையல் நாலு விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருக்கிறது, தோல் காய்ந்து, தொட்டாலே செம்பழுப்புத் தூள் விரலில் ஒட்டுகிறது. எண்ணெய் தடவச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை, மிச்சத் தையலும் உளுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பழைய துளைகளிலேயே மெழுகு நூல் கோத்துத் தைத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், அதுவரை கத்தியை உறைக்குள் வைக்கலாமா, தனியாக எடுத்து வைக்கட்டுமா?