அப்பாவின் மொய் நோட்டை நான் தொடர வேண்டுமா?

கேள்வி – பேராவூரணிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். வீடு, நிலம் இவற்றோடு மூன்று மொய் நோட்டுகளும் என் கைக்கு வந்தன. முதல் இரண்டு நோட்டுகளில், 1991-இல் அக்காவுக்குக் காது குத்தியது முதல், 2017-ஆம் ஆண்டு ஆடி மாதம் மொய் வாங்குவதற்கென்றே நாங்கள் வைத்த மொய் விருந்து வரை, வந்த தொகை ஒவ்வொன்றும் ஊர், தகப்பனார் பெயர், சொந்தப் பெயர் என்ற வரிசையில் எழுதப்பட்டுள்ளது. திருப்பிச் செய்துவிட்ட பெயர்களின் மேல் அப்பா சிவப்பு மையால் கோடு இழுத்து ஓரத்தில் தேதி போட்டிருக்கிறார். கோடு விழாத பெயர்கள் இன்னும் 214 இருக்கின்றன.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முகூர்த்த மாதங்களில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதில்லை. போகிற பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சென்ற ஆவணியில், அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், தஞ்சாவூரில் மருத்துவமனையில் படுத்திருந்தார். அவரைப் பார்க்கத்தான் ஊருக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு கல்யாணத்திலும் ஒரு காதுகுத்திலும் மொய் எழுதிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. புதன்கிழமை அவர் போய்விட்டார். அவர் பெயர் எந்த நோட்டிலும் இல்லை, ஏனென்றால் அவர் மொய் வைத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை.

இனி முகம்கூடத் தெரியாத வீடுகளுக்குக் கடமைக்காகப் போகாமல், போக வேண்டும் என்று எனக்கே தோன்றும் வீடுகளுக்கு மட்டும் போக விரும்புகிறேன். “அப்பா பேரைக் கெடுத்துராதே” என்கிறார் அம்மா. இதிலிருந்து நியாயமாக வெளியே வர வழி இருக்கிறதா?

பதில் – தென்னந்தோப்பு, கீரமங்கலம்

வழி இருக்கிறது, அது மொய்யின் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு 5,000 செய்தவருக்கு நீங்கள் 10,000 செய்தால், பாதி பழைய கடன், பாதி புது மொய். அந்தப் புது மொய்தான் அவரை உங்கள் வீட்டுக்கும் உங்களை அவர் வீட்டுக்கும் மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கிறது. வாங்கியதை மட்டும் வைத்தால் கணக்கு முடிந்தது என்று பொருள். வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எழுதுகிறவருக்கே புரிந்துவிடும். ஆனால் வாங்கியதைத் திருப்பாமல் நிறுத்துவதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது. இது வட்டியில்லாத கடன், அதை நம்பி ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள் இருக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் தோப்பைப் படுக்க வைத்தது. அடுத்த ஆடியில் கூட்டாக மொய் விருந்து வைத்தோம்; வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை. வராதவர் வீட்டுத் தோப்பும் தரையில்தான் கிடந்தது, யாரைப் போய்க் கேட்பது? அதன்பிறகு வந்ததைத் திருப்பினேன், ஒரு ரூபாய் கூட்டி வைக்கவில்லை.

பதில் – உசிலம்பட்டி அத்தை

தம்பி, எங்கள் பக்கம் இதைச் செய்முறை என்போம். நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனாலும் முழுவதும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த மறுவருடம் சின்னவளுக்குக் கல்யாணம் வைத்தேன். எனக்குப் பிடித்தவர்கள் மட்டும் வந்திருந்தால் பந்தியில் முப்பது இலைகூட விழுந்திருக்காது. நோட்டுக்காக வந்தவர்கள்தான் மண்டபத்தை நிறைத்தார்கள், சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் அன்று இரவே பணம் கொடுக்க முடிந்தது.

இன்னொன்று, பவுனாக வந்திருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். 2005 வாக்கில் ஒரு பவுன் ஐயாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2025-இல் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அன்று ஒருவர் அரைப் பவுன் மோதிரம் போட்டிருந்தால் அதன் அன்றைய விலையை வைத்துவிட்டு வர முடியாது, மோதிரமாகத்தான் போட வேண்டும். ரூபாய்க்கு மட்டும் இந்த நியாயம் இல்லை என்பது வேடிக்கைதான். 1991-இல் வைத்த ஐம்பத்தொரு ரூபாய் இன்றும் ஐம்பத்தொன்றுதான். அதை அப்படியே திருப்பி வைக்க உங்களுக்குக் கை வருமா?

பதில் – மாம்பலம் வாசகர்

இப்போது பல மண்டபங்களில் மொய் எழுதும் மேசையிலேயே கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். பணத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாமே.

பதில் – தென்னந்தோப்பு, கீரமங்கலம்

அதைவிடப் போகாமலே இருந்துவிடலாம் ஐயா. பணம் வந்து ஆள் வராவிட்டால், முகத்தில் விட்டெறிந்ததாகத்தான் எங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். அதேபோல், விசேஷம் இல்லாத நாளில் வீடு தேடிப் போய்ப் பணத்தை நீட்டுவதும் கூடாது. அழைப்பு வரும்வரை காத்திருந்துதான் திருப்ப வேண்டும். ஆகவே 214 பெயரையும் முடிக்க உங்களுக்குப் பத்து வருடமாவது ஆகும்.

கேள்வி கேட்டவர் – பேராவூரணிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பத்து வருடம் என்றதும் முதலில் மலைப்பாக இருந்தது, பிறகு அதுவும் சரி என்று தோன்றியது. அழைப்பு வரும் வீடுகளுக்குப் போய், வாங்கியதை வைத்து, சாப்பிட்டுவிட்டு வருவேன். அத்தை சொன்ன ஐம்பத்தொரு ரூபாய்க்காரர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் ஐந்நூறாக வைக்கப் போகிறேன், அதைப் புது மொய் என்று எழுதிக்கொண்டால் எழுதிக்கொள்ளட்டும். என் மகளுக்குத் தையில் நடக்கும் சடங்கின் பத்திரிகையில் ‘மொய் தவிர்க்கவும்’ என்று அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

அதில்தான் அம்மாவோடு பெரிய பேச்சு. மூன்றாவது நோட்டு முழுவதும் அப்பா மற்றவர்களுக்குச் செய்தது. கூட்டிப் பார்த்தால் 1,86,000 ரூபாய் வெளியே நிற்கிறது. “நாம செஞ்சது வேண்டாமா?” என்றார். வேண்டாம் என்றேன். அன்று மாலைவரை அவர் என்னோடு பேசவில்லை; இரவில் அந்த நோட்டை மட்டும் எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பத்திரிகை இருக்கிறதா என்று என் கையைப் பார்த்தார். “என்னப்பா, வீட்டுல ஏதும் விசேஷமா?” என்றார். “ஒன்றுமில்லை பெரியம்மா, சும்மாதான் வந்தேன்” என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் புளி உடைத்தேன்.